ஊருக்கு வந்தால் தலைமுடிக்கு என்ன ஆகிறது?

போன மார்கழியில் டொராண்டோவிலிருந்து அக்கா மகள் சென்னைக்கு வந்தாள். விமான நிலைய ஏசியை விட்டு வெளியே வரும்போது அவள் முடி கோடு போட்டதுபோல் நேராக இருந்தது. பெட்டிகளைக் காரில் ஏற்றி முடிப்பதற்குள் காதோரம் சுருளத் தொடங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தவள், "சித்தி, என் தலையைப் பாருங்க, எல்லாம் போச்சு" என்றாள். அடுப்படியிலிருந்து என் அம்மா, "எல்லாம் ஊர்த் தண்ணி. நாலு நாள் போகட்டும், கொத்துக் கொத்தாக் கொட்டும்" என்றார். அவள் அதுவரை சென்னைத் தண்ணீரில் கையைக்கூட நனைக்கவில்லை.

குளிர் நாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் யாரைக் கேட்டாலும் தலைமுடி பற்றி ஒரு குறை சொல்வார்கள். பரட்டையாகிவிட்டது, சிக்கு விழுகிறது, செம்பட்டை அடித்துவிட்டது, கொட்டுகிறது. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தண்ணீர் மேல் போட்டுவிடுகிறோம். ஆனால் இதில் இரண்டு தனித்தனி விஷயங்கள் கலந்திருக்கின்றன. தோலுக்கு வெளியே தொங்கும் முடி உயிரில்லாத நார். சுற்றியுள்ள காற்று மாறினால் அது நிமிடக்கணக்கில் மாறும். தோலுக்குள் இருக்கும் வேர் உயிருள்ளது. அதற்கு ஒன்று நேர்ந்தால் வெளியே தெரிய மாதங்கள் ஆகும். இந்த இரண்டு கணக்கையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் கவலை குறைந்துவிடும். எதற்குக் கவலைப்பட வேண்டும் என்பதும் விளங்கும்.

முதலில் காற்று. டொராண்டோ ஜனவரியில் வெளியே மைனஸ் 5 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குளிரில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் மூன்றரை கிராம் நீராவிக்கு மேல் தாங்காது. அதே காற்றை வீட்டுக்குள் எடுத்து ஹீட்டரில் 21 டிகிரிக்குச் சூடாக்கினால், 18 கிராம் வரை தாங்கக்கூடிய காற்றில் இருப்பது அதே மூன்று, மூன்றரை கிராம்தான். ஈரப்பதம் 15, 20 சதவீதத்துக்கு இறங்கிவிடும். சமையல், குளியல், மூச்சுக்காற்று எல்லாம் சேர்ந்து கொஞ்சம் ஏற்றும், அவ்வளவுதான். சென்னை மார்கழியில் 27 டிகிரி வெப்பம், 75 சதவீத ஈரப்பதம் என்றால் ஒரு கன மீட்டரில் சுமார் 19 கிராம் நீராவி இருக்கும். ஏறக்குறைய ஆறு மடங்கு. விமானத்துக்குள் இருக்கும் காற்று டொராண்டோ வீட்டைவிடவும் வறண்டது. ஆக, ஒரு நாள் முழுக்கக் காய்ந்த முடி, சென்னையில் கதவைத் திறந்ததும் ஒரேயடியாக ஈரக்காற்றுக்குள் நுழைகிறது.

முடி அந்த ஈரத்தைக் குடிக்கும். சுற்றுக் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதமாக இருந்தால் முடி தன் எடையில் சுமார் 6 சதவீதம் அளவுக்கு நீரை வைத்திருக்கும். 70 சதவீதமானால் அது 13, 14 சதவீதம் ஆகிவிடும். முழுக்க நனைந்த முடியில் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் நீர் ஏறும். அப்போது முடியின் பருமன் சுமார் 14 சதவீதம் கூடுகிறது, நீளம் 2 சதவீதம் அளவுக்கு நீள்கிறது. இந்த 2 சதவீத நீட்சி ஒழுங்காக, நம்பத்தக்க விதத்தில் நடப்பதால்தான் ஜெனீவாவைச் சேர்ந்த ஹொரேஸ்-பெனடிக்ட் தெ சோசூர் 1783இல் மனித முடியை வைத்து ஈரப்பதமானி செய்து காட்டினார். முடியிலிருந்த எண்ணெய்ப் பசையைப் போக்கி, ஒரு முனையைக் கட்டி, மறுமுனையை முள்ளோடு இணைத்தார். முடி நீண்டால் முள் ஒரு பக்கம் நகரும், சுருங்கினால் மறுபக்கம். அதற்குப் பிறகு இருநூறு ஆண்டுகளாக வானிலை நிலையங்களில் முடி வைத்த கருவிகள் வேலை செய்திருக்கின்றன. அக்கா மகளின் காதோரச் சுருளும் அன்று அந்த முள்ளைப் போல நகர்ந்தது, அவ்வளவுதான்.

சரி, நேராக்கிய முடி ஏன் சுருண்டது? முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரதச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிடித்துவைக்கும் பிணைப்புகளில் சில கெட்டியானவை. கந்தக அணுக்களுக்கிடையே இருப்பவை அப்படிப்பட்டவை. சாதாரண ஈரமும் சூடும் அவற்றை அசைக்காது. ஹைட்ரஜன் பிணைப்புகள் லேசானவை. எண்ணிக்கையில் ஏராளம், ஆனால் தண்ணீர் பட்டால் விட்டுவிடும், காய்ந்தால் அந்த நேரத்தில் எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவிலேயே மறுபடி பிடித்துக்கொள்ளும். ஸ்ட்ரெயிட்னர் போட்டு இழுக்கும்போது முடியிலிருக்கும் நீரை ஓட்டி, நேராக வைத்துப் பூட்டுகிறோம். ஈரக்காற்று வந்ததும் பூட்டு திறந்துகொள்கிறது. இஸ்திரி போட்ட காட்டன் புடவையை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் மடிப்பு கத்தி மாதிரி நிற்கும், புழுக்கத்தில் ஒரு மணி நேரம் பஸ்ஸில் நின்றால் கலைந்துவிடும். பருத்தி நூலிலும் நடப்பது அதே ஹைட்ரஜன் பிணைப்பு விவகாரம்தான்.

எல்லாருக்கும் இது ஒரே மாதிரி நடப்பதில்லை. கோரை முடிக்காரர்களுக்கு ஈரக்காற்றில் முடி படிந்து, எண்ணெய் வழிவதுபோல் தொங்கிவிடும். சுருட்டை முடிக்காரர்களுக்குத்தான் உப்பும். சுருட்டை முடிக்குள்ளே ஒரு பக்கத்துச் செல்களும் மறுபக்கத்துச் செல்களும் ஒரே அமைப்பில் இல்லாததால், நீர் ஏறும்போது முடி தன் இயல்பான வளைவுக்குத் திரும்பப் பார்க்கிறது. ஒவ்வொரு முடியும் தனக்கென்று ஒரு பக்கமாக வளைவதால்தான் பரட்டைத் தோற்றம். கலரிங், ப்ளீச்சிங் செய்த முடி இன்னும் வேகமாக நீரை இழுக்கும். நல்ல முடியின் வெளிச்செதில்கள் மேல் மெல்லிய கொழுப்புப் படலம் ஒன்று ஒட்டியிருக்கும், தாமரை இலை போல நீரைத் தள்ளும். ப்ளீச் அதைக் கழற்றிவிடுகிறது, அது மறுபடி ஒட்டாது.

இதில் எதுவும் சேதம் இல்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஈரக்காற்றில் முடி உப்புவதோ சுருள்வதோ கெட்டுப்போவது அல்ல. சேதம் வருவது அதை எதிர்த்து நாம் செய்யும் வேலையால். அக்கா மகள் முதல் வாரம் முழுக்கத் தினமும் காலையில் தலைக்குக் குளித்துவிட்டு, அரைகுறையாகத் துவட்டிய முடியில் ஸ்ட்ரெயிட்னரை ஓட்டினாள். அந்தத் தகடு 200 டிகிரி வரை சூடாகும். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். முடிக்குள்ளே ஊறிய நீர் அங்கேயே ஆவியாகி வெளியேற வழியில்லாமல் குமிழி விடும். நுண்ணோக்கியில் பார்த்தால் முடித்தண்டுக்குள் வரிசையாக ஓட்டைகள் தெரியும், தோல் மருத்துவத்தில் இதற்குக் குமிழி முடி என்றே பெயர். அந்த இடத்தில் முடி சொரசொரப்பாகி, சீப்பு பட்டதும் ஒடியும். அவள் சீப்பில் சேர்ந்தவற்றில் பாதி அப்படி ஒடிந்த துண்டுகள். ஒடிந்த முடியையும் உதிர்ந்த முடியையும் பிரித்துப் பார்ப்பது சுலபம். உதிர்ந்த முடியின் ஒரு முனையில் கடுகைவிடச் சிறிய வெள்ளைக் குமிழ் இருக்கும், ஒடிந்ததில் இருக்காது. நான் அதைக் காட்டிய அன்று அவள் ஸ்ட்ரெயிட்னரைப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

இப்போது ஊர்த் தண்ணீர். எங்கள் பகுதியில் போர் தண்ணீர் கடினம்தான். வாளியில் வெள்ளைப் படிவு நிற்கும், குழாய் முனையில் சுண்ணாம்பு பூக்கும். கால்சியமும் மக்னீசியமும் முடியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும், கலரிங் செய்த முடியில் இன்னும் அதிகமாக. சோப்புப் போட்டால் நுரை வராமல் பிசுக்கு படியும். முடி சொரசொரக்கும், பளபளப்பு போகும். இதெல்லாம் உண்மை. கடைசி ஒரு சொம்பு மட்டும் கேன் தண்ணீரில் அலசினால் வித்தியாசம் தெரியும். ஆனால் தண்ணீர் வேரைத் தொடாது. முடியின் வேர் தோலுக்குள் சுமார் 4 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது, அதற்குச் சாப்பாடு ரத்தத்திலிருந்து வருகிறது, சொம்பிலிருந்து அல்ல.

காலக்கணக்கையும் பாருங்கள். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வளரும். வேரில் இன்று உருவாகும் முடி தோலைத் தாண்டி வெளியே வரவே ஒன்றரை வாரம் ஆகிவிடும். மூன்று வார விடுமுறைக்கு வந்தவர் தலையில் நம் ஊரில் விளைந்த முடி என்று பார்த்தால் அரை சென்டிமீட்டருக்கு மேல் தேறாது. அறுபது சென்டிமீட்டர் நீளப் பின்னலின் நுனி ஐந்து வயதானது. உதிரும் கணக்கு இன்னும் நீளம். வேர் வளர்ச்சியை நிறுத்தி ஓய்வுக்குப் போன முடி உடனே விழாது, இரண்டு மூன்று மாதம் அப்படியே தலையில் நின்றுவிட்டுத்தான் விழும். எல்லாருக்கும் தினமும் 50 முதல் 100 முடி இப்படி விழுகிறது. சென்னைக்கு வந்த முதல் வாரத்தில் விழுந்த முடி ஓய்வெடுக்கத் தொடங்கியது டொராண்டோவில், இலையுதிர் காலத்தில். அதற்கு எங்கள் போர் தண்ணீர் எப்படிப் பொறுப்பாகும்?

ஜனவரி முதல் வாரம் குடும்பத்தோடு ராமேஸ்வரம் போனோம். தலைமுடிக்கு வெப்பமண்டலம் செய்யக்கூடிய அத்தனையையும் ஒரே நாளில் பார்க்க வேண்டுமென்றால் ராமேஸ்வரம்தான் சரியான இடம். விடிகாலையில் அக்னி தீர்த்தம், அதாவது கடல். பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள். ஒவ்வொரு கிணற்றடியிலும் ஆள் நின்று வாளியால் இறைத்துத் தலையில் ஊற்றுவார். ஈரத்தோடு பிராகாரம் பிராகாரமாக நடந்து, உடை மாற்றி, தரிசனம். வெயில் ஏறிய பிறகு தனுஷ்கோடி, இரண்டு பக்கமும் கடல், நடுவில் நிழலே இல்லாத மணல், நிற்காத காற்று.

ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. ஆறுகள் வந்து விழுவதால் வங்கக் கடலில் இது கொஞ்சம் குறைவு. கடலில் முழுகி எழுந்து அப்படியே காயவிட்டால் நீர் போய்விடும், உப்பு முடிமேல் படிகமாக நிற்கும். முடி முடியோடு உரசும்போது அந்தப் படிகம் அரம் போல வேலை செய்யும். செதில்கள் தூக்கிக்கொள்ளும், சிக்கு விழும். ராமேஸ்வரத்தில் கடலுக்குப் பிறகு 22 முறை கிணற்று நீர் தலையில் விழுகிறது. முன்னோர்கள் முடியை நினைத்து இந்த முறையை வைத்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அது வேறு நம்பிக்கையைச் சேர்ந்தது. ஆனால் கடல் உப்பு தலையில் காய்வதற்கு முன்பே அலசிப்போகிறது என்பதைக் கண்ணால் பார்த்தேன். அன்று கோயிலுக்குள் யாருக்கும் சிக்கு விழவில்லை. மதியம் தனுஷ்கோடியில் இன்னொரு முறை கடலில் கால் நனைக்கப் போய் இடுப்பு வரை நனைந்து, தலையும் நனைந்து, அலசாமல் காற்றில் ஒரு மணி நேரம் நின்றதுதான் வினை. அன்றிரவு அறையில் அவள் தலைக்குச் சிக்கெடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. நுனியிலிருந்து ஆரம்பித்து மேலே போக வேண்டும், உச்சியிலிருந்து இழுத்தால் எல்லாச் சிக்கும் ஒரே முடிச்சாக இறங்கும் என்று அம்மா சொல்லிக்கொண்டே எடுத்தார். அது நூற்றுக்கு நூறு சரி. ஈர முடி காய்ந்த முடியைவிட அதிகம் இழுபடும், இழுத்த இழுப்பில் நீண்டு பிறகு ஒடியும்.

நீச்சல் குளத்துக்கும் இதே யோசனை பொருந்தும். குளத்தில் இறங்கும் முன்பு நல்ல தண்ணீரில் தலையை முழுக்க நனைத்துவிட்டால், முடிக்குள் ஏற்கெனவே நீர் நிரம்பியிருப்பதால் குளோரின் நீர் உள்ளே ஏறுவது குறையும். வெள்ளை முடியும் ப்ளீச் செய்த முடியும் குளத்தில் பச்சையடிக்கிறதே, அதற்குக் காரணம் குளோரின் அல்ல, பாசி கொல்லப் போடும் மருந்திலும் குழாயிலும் இருந்து வரும் செம்பு.

வெயில் இதையெல்லாம்விடப் பெரியது, நாம் கவனிக்காததும் அதைத்தான். டிசம்பர் நடுப்பகலில் டொராண்டோவில் புற ஊதாக் குறியீடு 1 அளவுக்கு இருக்கும். அதே நாளில் தமிழ்நாட்டுக் கடற்கரையில் 8ஐ ஒட்டி வரும், ஏப்ரலில் 12ஐத் தாண்டும். புற ஊதாக் கதிர் முடியின் புரதத்தைச் சிதைக்கும், மெலனின் என்ற கருநிறத்தை வெளுக்கும். மெலனின் தான் கதிரை வாங்கிக்கொண்டு புரதத்தைக் காக்கிறது, அந்த வேலையிலேயே தானும் அழிகிறது. கடற்கரைப் பிள்ளைகளின் தலை செம்பட்டையாக இருப்பதற்கு வெயிலும் ஒரு முக்கியக் காரணம். தோல் வெயிலில் காய்ந்தால் உரிந்து புதுத்தோல் வரும். முடிக்கு அந்த வசதி கிடையாது, வெளுத்த இடம் வெட்டும் வரை வெளுத்ததுதான். வகிட்டுத் தோலும் வெயிலில் சுடும், இரண்டு நாள் கழித்து உரியும், அதைப் பொடுகு என்று நினைத்து மருந்து ஷாம்பு போடுகிறவர்கள் உண்டு. ஒரு பருத்தித் துப்பட்டா போதும், அல்லது முந்தானை. தனுஷ்கோடியில் மீனவப் பெண்கள் தலையில் துணி போட்டுக்கொண்டுதான் நின்றார்கள்.

எண்ணெய் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ராமேஸ்வரம் போவதற்கு முந்தைய இரவு அம்மா அவளுக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டார். 2003இல் ஆர்த்தி ரேலே, ஆர். பி. மொஹிலே என்ற இருவர் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் எண்ணெய் மூன்றையும் முடியில் தடவிச் சோதித்து வெளியிட்டார்கள். அலசும்போது முடியிலிருந்து வெளியேறும் புரதத்தைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதில் ஏறக்குறைய பாதி இருக்கும் லாரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு என்பதால் முடித்தண்டுக்குள் நுழைய முடிகிறது, நீர் ஏறி உப்புவது குறைகிறது. அவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் மாரிகோ நிறுவனத்தில் பணிபுரிந்தவர்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். எண்ணெய் முடி வளர்க்கும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. குளிப்பதற்கு முன்பு முடித்தண்டுக்குப் போடும் கவசம், அவ்வளவுதான். பொடுகு இருக்கும் தலையில் எண்ணெய் ஊறவைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். பொடுகோடு சம்பந்தப்பட்ட மலசீசியா என்ற ஈஸ்ட் எண்ணெய்ப் பசையைத்தான் தின்கிறது, புழுக்கத்தில் நன்றாகப் பெருகும். இங்கே வியர்க்கும் தலைக்கு வாரம் மூன்று நான்கு முறை குளித்தால் ஒன்றும் ஆகாது.

அம்மாவின் இன்னொரு கட்டளை, ஈரத்தலையோடு பின்னாதே என்பது. சிறுவயதில் இது எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது காரணம் தெரியும். குளிர் நாட்டு வீட்டில் ஈர முடி ஹீட்டர் காற்றில் சீக்கிரம் காய்ந்துவிடும். இங்கே இறுக்கிப் பின்னிய ஈரச்சடை உள்ளே நாள் முழுக்கக் காயாது. வெள்ளைப் பியட்ரா என்று ஒரு பூஞ்சைத் தொற்று இருக்கிறது, புழுக்கமான ஊர்களில் நீள முடியை ஈரத்தோடு கட்டிவைக்கும் பெண்களிடம் பார்க்கப்படுவது. முடித்தண்டில் சின்னச் சின்ன வெள்ளை முடிச்சாக ஒட்டியிருக்கும், ஈர் என்று நினைத்துப் பேன் சீப்பு போட்டு வாருவார்கள். பியட்ரா என்றால் ஸ்பானிய மொழியில் கல். எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு சாம்பிராணிக் கூடை மேல் முடியை விரித்துக் காட்டுவது இந்த ஊர்க் காற்றுக்கென்று உண்டான பழக்கம் என்றே நினைக்கிறேன். அதில் வேலை செய்வது தணலின் மிதமான சூடு. புகை மணத்துக்கு. இழுப்பு இருப்பவர்கள் புகையை விட்டுவிட்டு மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தால் போதும்.

டொராண்டோவுக்குத் திரும்புவதற்கு ஐந்து நாள் முன்பு அவளுக்குக் காய்ச்சல் வந்தது. 103 டிகிரி, கண்ணுக்குப் பின்னால் வலி, ரத்தப் பரிசோதனையில் டெங்கு. பயணத்தை ஒரு வாரம் தள்ளிப்போட்டு, தேறிய பிறகு அனுப்பிவைத்தோம். அப்போது முடி நன்றாகவே இருந்தது. மார்ச் கடைசியில் அக்கா போன் செய்தாள். சீப்பில், தலையணையில், குளியலறை வடிகாலில் எல்லாம் முடி. "அந்தத் தண்ணி இப்பத்தான் வேலையைக் காட்டுது" என்றாள். தண்ணீர் இல்லை, காய்ச்சல். கடும் காய்ச்சல் வந்தால் உடம்பு பல வேர்களை ஒரே நேரத்தில் ஓய்வுக்கு அனுப்பிவிடும். அந்த முடிகள் எல்லாம் இரண்டு மூன்று மாதம் கழித்து ஒன்றாக விழும். டெங்கு, டைபாய்டு, பிரசவம், கொரோனா எதற்குப் பிறகும் இது நடக்கலாம். வேர் சாகவில்லை, பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக நின்று மறுபடி வளரும். வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, உச்சந்தலையில் அரிப்பும் புண்ணும் இருந்தாலோ, ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ தோல் மருத்துவரைப் பார்க்கச் சொன்னேன். முனையில் அந்த வெள்ளைக் குமிழ் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். இருந்தது.

ஜூலையில் அவளே வீடியோவில் வந்தாள். நெற்றியோரம் முழுக்க ஒரு விரற்கடை நீளத்துக்குக் குட்டிக் குட்டி முடிகள், எதுவும் படியாமல் நிமிர்ந்து நின்றன. "சித்தி, இதுக்கும் ஸ்ட்ரெயிட்னர் போடலாமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.